குடம் வெடிக்கட்டும், கழுத்து வெடிக்கக் கூடாது

கேள்வியின் சுருக்கம் இது. நுண்கலைக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் ஒரு மாணவி, தலையில் குடம் சுமந்து நிற்கும் பெண்ணைக் காகிதக்கூழில் செய்துகொண்டிருக்கிறார். பெண் 80 செ.மீ., குடத்தோடு சேர்த்து மூன்றரை அடி. குடம் வறண்ட ஏரித்தரைபோல வெடித்திருக்க வேண்டும் என்று உண்மையான ஏரிமண்ணையே பூசியிருக்கிறார். கழுத்தைச் சுற்றி விரிசல், எத்தனை முறை பூசினாலும் திரும்ப வருகிறது. குடம் ஒரு பக்கம் சாய்கிறது. முதுகில் கறுப்புப் புள்ளிகள், புளித்த நாற்றம். குடத்து மண் பத்தை பத்தையாக உதிர்கிறது. இதற்கிடையில் பார்வையிட வந்த ஆசிரியர், "குறியீடு நிறைய இருக்கு, ஒண்ணும் பேசலை" என்று சொல்லிவிட்டார். நெஞ்சில் கடிகாரம், இடுப்பில் சாவிக்கொத்து, வயிற்றில் தண்ணீர்க் குழாய், முகத்தில் கண்ணாடிச் சில்லு, காலில் வேர்கள் வைத்திருக்கிறார். கண்காட்சிக்கு ஐந்து வாரம் இருக்கிறது. எல்லாவற்றையும் உடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாமா என்று கேட்கிறார்.

உடைக்க வேண்டாம். ஐந்து வாரம் சரிசெய்யப் போதும், புதிதாகச் செய்யப் போதாது. நீங்கள் சொன்ன சிக்கல்களில் கழுத்தும் சாய்வும் ஒரே கோளாறு: குடத்தின் பாரம் காகிதத்தின் வழியாக இறங்குகிறது. நாற்றமும் மண் உதிர்வதும் ஈரம் போகும் விதத்தால் வருபவை. குறியீட்டுச் சிக்கலுக்கும் இவற்றோடு உறவு இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கழுத்து. குடத்தை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். இன்னொருவர் விரிசலின் மேல் விரல் வைத்துப் பார்க்கட்டும். அரை நூல் அசைந்தாலும் போதும், பூசுவதை அங்கேயே நிறுத்துங்கள். காய்ந்த காகிதம் வளையாது, உள்ளே இருக்கும் கம்பி வளையும். 16 கேஜ் கம்பியை முறுக்கி முதுகெலும்பு செய்திருக்கிறீர்கள். அது கட்டுக்கம்பியாகப் பயன்படும், தூணாகப் பயன்படாது. உடம்பிலேயே ஒல்லியான இடம் கழுத்து, எல்லா அசைவும் அங்கே வந்து கூடுகிறது. அதை அடைத்தால் விரிசல் அரை அங்குலம் தள்ளி மறுபடி வரும். கூழின் மேல் குற்றமே இல்லை.

உங்கள் உருவம் நேராக நிற்பதும், கால் வரை புடவை இறங்குவதும் நல்ல வாய்ப்பு. பிளம்பிங் கடையில் அரை அங்குல ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) ஒன்று, ஒரு முனையில் மரை வெட்டி வாங்குங்கள். நீளம் அடிப்பலகையிலிருந்து தலை உச்சி வரை, அதற்கு மேல் இன்னும் 25 செ.மீ. அதற்குப் பொருந்தும் வட்டமான ஃபிளேஞ்ச் (பைப்பைப் பலகையில் நிறுத்தும் மரைத் தட்டு) ஒன்றும் வாங்குங்கள். புடவையின் பின்பக்கம், தரையை ஒட்டி 12 செ.மீ. சதுரத்துக்குக் கட்டர் கத்தியால் ஒரு சன்னல் வெட்டுங்கள். வெட்டிய துண்டை எறியாதீர்கள், அதையே திரும்ப மூடியாக வைக்கலாம். உள்ளே இருக்கும் சுருட்டிய காகிதத்தை வெளியே எடுத்து, குறுக்கே வரும் கம்பிகளைக் குறடால் நறுக்கிவிடுங்கள். பைப் நேராக இறங்கும் இடத்துக்கு அடியில் ஃபிளேஞ்சை நான்கு ஸ்க்ரூ போட்டுப் பலகையில் முடுக்குங்கள். தலை உச்சியில் 25 மி.மீ. துளை போட்டு, பைப்பை மேலிருந்து இறக்கித் திருகி ஃபிளேஞ்சில் உட்கார வையுங்கள். அரை அங்குல பைப்பின் வெளிவிட்டம் சுமார் 21 மி.மீ.; உங்கள் அளவில் கழுத்து 5 செ.மீ. இருக்கும், தாராளமாக நுழையும். தலை உச்சித் துளை பிறகு சும்மாட்டுக்குள், அதாவது குடத்துக்கு அடியில் தலையில் வைக்கும் வளையத்துக்குள், மறைந்துவிடும். முதுகில் தோளுக்குக் கீழே இன்னொரு சின்னச் சன்னல் வெட்டி, பழைய கம்பிச் சட்டத்தைக் கட்டுக்கம்பியால் பைப்போடு இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். கட்டின் மேல் எம்-சீல் (பிசைந்து வைத்தால் இறுகும் எபாக்சி) வைத்து ஒரு இரவு விடுங்கள்.

இனி குடம் பைப்பின் மேல் நிற்கும், பைப் பலகையின் மேல் நிற்கும். கழுத்துக்குப் பாரமே இல்லை. இப்போது விரிசலை அடைக்கலாம். அதன் இரு உதட்டையும் கத்தியால் வி வடிவத்தில் விரித்து, தளர்ந்த பகுதியைச் சுரண்டி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலால் நனைத்து, காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை இரண்டு சுற்று ஒட்டுங்கள். அது காய்ந்த பிறகுதான் கூழ், அதுவும் 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

அடிப்பலகை 18 மி.மீ. பிளைவுட், ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இருக்கட்டும். அது மட்டும் இரண்டு இரண்டரை கிலோதான் வரும், போதாது. அடியில் கடப்பாக்கல் துண்டு ஒன்றைக் கட்டுங்கள். ஓர் அடிச் சதுரம், 2 செ.மீ. கனம் என்றால் சுமார் 5 கிலோ. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையின் சூத்திரமே இதுதான்: மேலே லேசான காகிதக்கூழ், அடியில் கனமான களிமண். நம் ஊர்க் கைவினைஞர்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் கணக்கு இது. வேலை முடிந்ததும் சிற்பத்தை ஒரு பக்கம் கை அகலம் தூக்கிச் சாய்த்து விடுங்கள், தானாகத் திரும்பி நிற்க வேண்டும். கண்காட்சியில் குழந்தைகள் இடிப்பார்கள், பை மாட்டும், சேலைத் தலைப்பு சிக்கும்.

குடத்தை மட்டும் புதிதாகச் செய்யுங்கள். இப்போது இருப்பது தெர்மகோல் உருண்டையின் மேல் ஒட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள்; அதற்குள் தாங்கி வைக்க இடம் இல்லை, வாயும் இல்லை. ஐந்து லிட்டர் சின்னப் பிளாஸ்டிக் குடம் ஒன்றை வாங்குங்கள். சமையலறையில் சாப்பாடு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை அதன்மேல் சுருக்கம் இல்லாமல் சுற்றுங்கள். நாளிதழை 3 செ.மீ. அகலப் பட்டையாகக் கிழியுங்கள். கத்தரியால் வெட்டக் கூடாது. கிழித்த ஓரம் மெலிந்து பக்கத்துப் பட்டையோடு கலந்துவிடும், வெட்டிய ஓரம் கடைசி வரை கோடாகத் தெரியும். நாளிதழ் ஒரு திசையில்தான் நேராகக் கிழியும், அந்தத் திசையைப் பிடித்துக்கொண்டால் வேலை வேகமாக ஓடும். முதல் சுற்று வெள்ளை நாளிதழ், அடுத்தது பிரவுன் பேப்பர், அடுத்தது வெள்ளை என்று மாற்றி மாற்றி ஒட்டினால் எங்கே விட்டுப்போனது என்று கண்ணே சொல்லிவிடும். ஆறு சுற்று போதும், ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். காய்ந்ததும் நட்டநடுவே மேலிருந்து கீழ்வரை கத்தியால் கீறி இரண்டு பாதியாகக் கழற்றுங்கள். கழற்றும் முன் கீறலின் குறுக்கே நான்கைந்து இடத்தில் பென்சில் கோடு போட்டுவைத்தால் திரும்பச் சேர்க்கும்போது தடுமாற மாட்டீர்கள். காஷ்மீரத்தில் சக்த்சாசி என்ற வேலையும் இதே முறைதான்: அச்சின் மேல் காகிதம் ஏற்றி, காய்ந்ததும் அறுத்துக் கழற்றி, மறுபடி ஒட்டிச் சேர்ப்பார்கள்.

சேர்ப்பதற்கு முன் உள்ளே இரண்டு வட்டு வைக்க வேண்டும். 12 மி.மீ. பிளைவுட்டில் வெட்டி, நடுவில் 22 மி.மீ. துளை போட்டு, ஒன்றைக் குடத்தின் அடியில், இன்னொன்றைத் தோள் மட்டத்தில், வாய்க்கு 5 செ.மீ. கீழே ஒட்டுங்கள். பைப் இரண்டு துளையிலும் நுழைந்தால் குடம் சாயவே வழியில்லை. ஒரே துளை என்றால் நிச்சயம் சாயும். குடம் கழற்றி மாட்டும்படியாகவே இருக்கட்டும், ஒட்டிவிடாதீர்கள். மேல் வட்டைத் தாண்டி நீளும் பைப்பை அறுத்துவிட்டு, அந்தத் துளையை அட்டை ஒட்டி மூடிவிடுங்கள். அந்த வட்டு பிறகு பெரிய வேலைக்கு உதவும்.

இப்போது மண். ஏரி வண்டல் காயும்போது நன்றாகவே சுருங்கும், அடியில் இருக்கும் காகிதம் அந்த அளவுக்குச் சுருங்காது. மண் இழுக்கிறது, காகிதம் விடவில்லை, நடுவில் இருக்கும் பிடிப்பு அறுந்து பத்தையாக விழுகிறது. ஃபெவிகாலை மண்ணோடு நிறையக் கலந்தால் உதிராது, வெடிக்கவும் வெடிக்காது. ரப்பர் போல் ஆகிவிடும், மேற்பரப்பைப் பார்த்தாலே மண் இல்லை என்று தெரியும். ஆகவே வெடிப்பைத் தனியாக உண்டாக்கி, ஓடுகளைக் கொண்டுவந்து பதிப்பதுதான் நல்லது.

மண்ணைக் காயவைத்து, இடித்து, மாவு சல்லடையில் சலியுங்கள். இலை, வேர், கிளிஞ்சல் போக வேண்டும், நாற்றத்துக்கும் அவை காரணம். தோசைமாவுக்குச் சற்றுக் கெட்டியாகக் கரைத்து ஒரு நாள் ஊறவிடுங்கள். பலகை மேல் பாலிதீன் விரித்து, ஓரத்தில் 5 மி.மீ. குச்சி வைத்து, மண்ணைப் பரப்பி நிழலில் விடுங்கள். மூன்று நான்கு நாளில் வெடிக்கும். வெடிப்பை உங்கள் விருப்பத்துக்கு ஆட்டுவிக்க முடியும். மண் கனமாகப் பரப்பினால் ஓடுகள் பெரிதாகவும் பிளவுகள் அகலமாகவும் வரும், மெல்லியதாகப் பரப்பினால் பொடி வலைபோல வரும். வழுக்கும் பாலிதீன் மேல் வெடிப்புகள் குறைவு, சொரசொரப்பான சாக்கின் மேல் நெருக்கமாக வரும். மேற்பரப்பு முதலில் காய்வதால் ஓடுகளின் ஓரம் மேல்நோக்கிச் சுருளும். ஏரித்தரையைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சுருள்தான் நெஞ்சில் பதிந்த காட்சி, அதை விட்டுவிடாதீர்கள். நான்கில் ஒரு பங்கு நைஸ் மணல் கலந்தால் சுருளும் வெடிப்பும் இரண்டும் குறையும். ஆகவே ஒரு தட்டில் மணலோடும் ஒரு தட்டில் மணல் இல்லாமலும் போட்டுப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

குடம் வெளிப்பக்கம் வளைந்தது, ஓடோ ஓரம் மேலே சுருண்டு எதிர்ப்பக்கம் வளைந்தது. இரண்டும் நடுவில் ஒரு புள்ளியில்தான் தொடும். அதனால் 3, 4 செ.மீ. ஓடுகளைத் தேர்ந்தெடுத்து, ஃபெவிகால் கூடுதலாகச் சேர்த்த காகிதக்கூழைச் சாந்துபோல வைத்து அதில் அழுத்திப் பதியுங்கள். சாந்து பிளவு வழியாகப் பிதுங்கி மேலே வரக் கூடாது. எல்லாம் காய்ந்த பிறகு ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு ஆறு பங்கு தண்ணீர், அதில் பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு. இதை மருந்துச் சொட்டுக்குழாயால் ஓட்டின் ஓரங்களில் விடுங்கள். மண் குடிக்கும். காயவிட்டு மறுபடி, மொத்தம் மூன்று முறை. மண்ணின் நிறம் கொஞ்சம் இருளும், ஆகவே முதலில் உதிரி ஓடு ஒன்றில் சோதியுங்கள்.

எடைக் கணக்கு ஒன்று. 22 செ.மீ. குடத்தின் மேற்பரப்பு ஏறத்தாழ 1,500 சதுர செ.மீ. அதன் மேல் 4 மி.மீ. மண் என்றால் 600 கன செ.மீ., அதாவது ஒரு கிலோ. சாந்து, வட்டு எல்லாம் சேர்த்தால் ஒன்றரை கிலோவைத் தாண்டும். பைப் தாங்கும். ஆனாலும் முழுக் குடத்தையும் மண்ணால் மூட வேண்டாம் என்பேன், காரணம் எடையைவிடப் பெரியது.

நீங்கள் அச்சாக வாங்கப்போகும் பிளாஸ்டிக் குடம் என்ன நிறம்? நீலமா, பச்சையா, ஆரஞ்சா? 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு கிடந்தபோது, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தபோது, தெருவில் வரிசையாகக் கிடந்தவை அந்தப் பளீர் நிறக் குடங்கள். ஓடு பதிக்கும் முன் காகிதக் குடம் முழுவதையும் அந்த நிறத்தில் அடித்துவிடுங்கள். பிறகு மண் பதித்தால், ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் பிளாஸ்டிக் நிறம் கீற்றாகத் தெரியும். ஒரு பக்கம் கீழ்ப்பாதியில் ஓடு இல்லாமல் நிறம் வெறுமையாக நிற்கட்டும். ஏரிதான் குடம், குடம்தான் ஏரி என்பது அந்த ஒரு பொருளிலேயே வந்துவிடும்.

ஆசிரியர் சொன்னதற்கு இங்கேதான் பதில் இருக்கிறது. கடிகாரம் என்றால் காலம், சாவி என்றால் அதிகாரம், உடைந்த கண்ணாடி என்றால் சிதைந்த மனம் என்பது எல்லாருக்கும் தெரிந்த அகராதி. பார்ப்பவர் அவற்றை ஒரு நொடியில் படித்து முடித்துவிடுவார், பிறகு சிற்பத்தைப் பார்க்க மாட்டார். மேலும் அவை எங்கேயோ செய்யப்பட்டு உங்கள் உருவத்தின் மேல் ஒட்டப்பட்டவை. உருவத்துக்குள் எந்த வேலையும் செய்யவில்லை, எடுத்துவிட்டால் எதுவும் விழாது. கலப்பு ஊடகத்தில் ஒரு பொருளை வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்ய அதுவே நல்ல உரைகல்: எடுத்தால் ஏதாவது விழ வேண்டும். கடிகாரம், சாவிக்கொத்து, கண்ணாடிச் சில்லு, வேர்கள் நான்கையும் எடுத்துவிடுங்கள். வேர் நல்ல எண்ணம்தான், ஆனால் பெண்ணை மரமாக்குவது வேறு கதை. குழாயையும் எடுக்கச் சொல்வேன். குடத்துக்கும் குழாய்க்கும் நடுவில் பார்வை அலைகிறது, குடம் தோற்றுவிடுகிறது. எடுத்த இடத்துப் பள்ளங்களைத் தடயம் இல்லாமல் மூட வேண்டும் என்று அவசியமில்லை, நெஞ்சில் லேசான பள்ளம் அழகாகவே இருக்கும்.

நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது, சும்மாடு. இப்போது வெறும் கூழ் வளையமாகச் செய்து பழுப்பு அடித்திருக்கிறீர்கள். நிஜத்தில் தண்ணீர் சுமக்கும்போது குடத்துக்கும் தலைக்கும் நடுவில் நின்று முழுப் பாரத்தையும் வாங்குவது அதுதான். அதை உண்மையான பழைய நூல்புடவையில் செய்யுங்கள். 15 செ.மீ. அகலம், ஒரு மீட்டர் நீளம் கிழித்து, தண்ணீர் சரிபாதி கலந்த ஃபெவிகாலில் நனைத்துப் பிழிந்து, முறுக்கி, பைப்பைச் சுற்றி 10 செ.மீ. வளையமாகச் சுருட்டுங்கள். மேலே பாலிதீன் போட்டு, அதன்மேல் குடத்தின் பாதி எடைக்கு ஏதாவது வைத்து இரண்டு நாள் காயவிட்டால் நசுங்கிய தோற்றம் தானாக வரும். செதுக்கி வராத தோற்றம் அது. துணியோடு சேர்த்துத் தண்ணீர் லாரிக்குப் பணம் கட்டிய ரசீதுகளை முறுக்கி வையுங்கள். தலை உச்சித் துளையையும் அதுவே மறைக்கிறது. வேலையும் செய்து பொருளும் தரும் பொருள் இப்படித்தான் இருக்கும்.

ரசீதுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அசலை ஒட்ட வேண்டாம், ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள். ஜெராக்ஸ் மை உருகிப் பதிந்த பொடி, ஈரத்தில் கலையாது. இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்தால் பசை பட்டதும் நீலமாக ஒழுகிவிடும். பேருந்துச் சீட்டு மாதிரி வெப்ப அச்சுத் தாளும் வேண்டாம், அது சும்மா வைத்தாலே மங்கும். கடைசிச் சுற்றில் நாளிதழ் வெளியே தெரியும்படி விடுவதாக இருந்தால் எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்து ஒட்டுங்கள். எழுத்து இருக்கும் இடத்தில் கண் முதலில் படிக்கும், பிறகுதான் உருவத்தைப் பார்க்கும். பெண்ணின் கன்னத்தில் நகைக்கடை விளம்பரம் வந்துவிட்டால் சிற்பத்தின் பேச்சே மாறிவிடும். நாளிதழ் சில மாதங்களில் பழுப்பேறும் என்பதையும் மனதில் வையுங்கள்.

முதுகில் வந்திருக்கும் கறுப்புப் புள்ளி பூஞ்சை. வெளிச் சுற்றில் ஃபெவிகால் கனமாகப் பூசி, உள்ளே நான்கைந்து சுற்று மைதா ஈரம் போக வழியில்லாமல் அடைத்துவிட்டீர்கள். மேலே பெயின்ட் அடித்தால் மறையாது, துளைத்துக்கொண்டு வரும். விரலால் அழுத்திப் பார்த்து மெத்தென்று இருக்கும் இடம் முழுவதையும் வெட்டி எடுங்கள். முகமூடி போட்டுக்கொண்டு, அறைக்கு வெளியில் செய்யுங்கள். சுற்றிலும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, வெட்டிய துளை வழியாக மின்விசிறிக் காற்று உள்ளே போகும்படி இரண்டு மூன்று நாள் விடுங்கள். வெயிலில் ஒரு பக்கமாக வைத்தால் அந்தப் பக்கம் முதலில் சுருங்கி உருவம் கோணும். செங்கல் மேல் தூக்கி வைத்து நிழல் காற்றில் காய்வதே மேல். காய்ந்துவிட்டதா என்று அறியக் கன்னத்தை ஒட்டிப் பாருங்கள், ஜில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. குடம், சும்மாடு போன்றவற்றை மளிகைத் தராசில் நிறுத்துப் பாருங்கள், அடுத்தடுத்து இரண்டு நாள் ஒரே எடை என்றால் காய்ந்துவிட்டது.

புதிய பசைக்கு: ஒரு கப் மைதாவை ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் நான்கு கப் தண்ணீரில் ஊற்றிக் கிளறுங்கள். நான்கு நிமிடத்தில் வெண்மை போய்க் கண்ணாடி மாதிரி ஆகும், அப்போது இறக்குங்கள். வேகாத மாவு சரியாக ஒட்டாது, சீக்கிரம் கெடும். அன்றைய பசை அன்றே தீர வேண்டும். சுவரொட்டி ஒட்டுபவர்கள் மயில்துத்தம் போடுவார்கள், பூச்சி அண்டாது. அது விஷம் என்பது ஒருபுறம். இரும்புக் கம்பியும் துத்தநாகப் பூச்சும் படும் இடத்தில் துத்தம் அவற்றை அரிக்கும், பிறகு துருக்கறை காகிதத்தில் ஊறி வரும். கம்பிச் சட்டத்தை ஒட்டிய சுற்றுகளில் அது கூடவே கூடாது. அறுத்த கம்பி முனைகளுக்கெல்லாம் துருப் பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பெயின்ட் தொட்டு வையுங்கள். சிலர் வெண்காரம் போடச் சொல்வார்கள். மைதாவுக்குச் சரி, ஃபெவிகால் கலந்த பசையில் போட்டால் அந்த நிமிடமே ஜவ்வாகத் திரிந்துவிடும். உப்பு போடுவதும் கடலோர ஊர்களுக்கு ஆகாது, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நம் வீடுகளில் பழைய காகிதத்தை ஊறவைத்து வெந்தயம் சேர்த்து அரைத்துக் கூடை செய்யும் வழக்கம் உண்டு. வெந்தயம் கூழைக் குழைவாக்கிப் பிடிப்புத் தரும். அரைத்த விழுது ஒரு கைப்பிடி உங்கள் கூழிலும் சேர்க்கலாம்.

கூழின் அளவு: கால் கிலோ நாளிதழைப் பிய்த்து வெந்நீரில் ஒரு நாள் ஊறவைத்து, மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக, நிறையத் தண்ணீரோடு அரையுங்கள். கெட்டியாகப் போட்டால் மோட்டார் சூடாகி நின்றுவிடும். வேட்டித் துணியில் பிழிந்து, உருண்டை பிடித்தால் சொட்டாத பதத்தில் 150 கிராம் சாக் பவுடர், 120 மி.லி. ஃபெவிகால், ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதை எண்ணெய் சேர்த்துச் சப்பாத்தி மாவுபோலப் பிசையுங்கள். ஒரு பூச்சுக்கு 5 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள். கனமாக வைத்தால் மேல்தோல் முதலில் காய்ந்து இறுகும், உள்ளே ஈரம் பிறகு போகும்போது தோலை இழுத்துக் கிழிக்கும். மேடு வேண்டிய இடத்தில் அடியில் காகிதத்தைச் சுருட்டி ஒட்டி உயர்த்துங்கள். வெள்ளைச் சிமென்ட் வகைச் சுவர்ப் புட்டியை மேலே தேய்த்து வழவழப்பாக்கும் ஆசை வரும்; அது கண்ணாடிபோல இறுகும், காகிதம் பருவத்துக்குப் பருவம் உப்பிச் சுருங்கும், ஆறு மாதத்தில் மயிரிழை வெடிப்பு ஓடும். வேண்டாம்.

நிறத்துக்கு முன் 180 உப்புத்தாள், பிறகு 320, பிறகு வெள்ளை அக்ரிலிக் பிரைமர் இரண்டு கை. முகத்தையும் கைகளையும் மட்டும் நன்றாகத் தேய்த்தால் போதும், புடவையில் காகிதத்தின் சொரசொரப்பு இருக்கட்டும். அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்து நான்கைந்து மெல்லிய பூச்சாக ஏற்றுங்கள். கடைசியில் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ். முழுச் சிற்பமும் மங்கலாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரே ஒரு இடம் மட்டும் மின்னப் போகிறது.

அந்த இடம் குடத்தின் வாய்க்குள், மேல் வட்டு. அதன் மேலும் மண் ஓடுகளைப் பதித்து, நடுவில் 6 செ.மீ. அகலத்துக்குச் சின்னப் பள்ளம் விடுங்கள். பள்ளத்தின் மண்ணை ஃபெவிகாலால் நன்றாக அடைத்துவிட்டு, தெளிந்த எபாக்சி ரெசின் 15 மி.லி. ஊற்றுங்கள், 5 மி.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். அடைக்காமல் ஊற்றினால் மண் குடித்துக் குமிழியாகப் பொங்கும். அவ்வளவுதான் ரெசின். சிற்பம் முழுவதற்கும் பாலியெஸ்டர் ரெசின் பூசினால் உறுதியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதுவும் விடுதி அறையில் வேண்டவே வேண்டாம். பிரெஞ்சு-அமெரிக்கச் சிற்பி நிக்கி டி செயின்ட் ஃபால் 1960-களில் தன் முதல் பெண்ணுருவங்களைக் கம்பிச் சட்டத்தின் மேல் காகிதக்கூழ், துணி, கம்பளி நூல் கொண்டுதான் செய்தார். பிறகு திறந்தவெளியில் நிற்பதற்காகப் பாலியெஸ்டருக்கு மாறினார்; அதன் ஆவியும் தூசியும் அவர் நுரையீரலைக் கெடுத்தன.

அந்தத் துளித் தண்ணீர் தெரிய வேண்டும் என்றால் பீடத்தின் உயரம் முக்கியம். கண்காட்சி அறையில் வழக்கமாக இருக்கும் 90 செ.மீ. பீடத்தில் வைத்தால் குடத்தின் வாய் இரண்டு மீட்டருக்குப் போய்விடும், ஒருவரும் பார்க்க மாட்டார். 35 முதல் 40 செ.மீ. தாழ்ந்த பீடம் கேளுங்கள். வருபவர் கொஞ்சம் எட்டிக் குனிந்து பார்ப்பார், கிணற்றுக்குள் பார்ப்பதுபோல. விளக்கு நேர் மேலிருந்து விழட்டும்.

இன்றே மண்ணைப் பரப்பிவிடுங்கள், அதற்குத்தான் நாள் அதிகம் பிடிக்கும். அது காயும் நேரத்தில் முதுகை வெட்டிக் காயப்போட்டு, பைப்பை இறக்கிவிடலாம். இரண்டாம் வாரம் காகிதக் குடமும் கழுத்தும். மூன்றாம் வாரம் ஓடு பதிப்பதும் சும்மாடும். நான்காவது வாரம் நிறம். ஐந்தாவது வாரத்தை எதற்கும் ஒதுக்காமல் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு நாள் கூடும்.

கொண்டுபோகும்போது குடத்தைக் கழற்றித் தனிப்பெட்டியில், பழைய தலையணைக்கு நடுவில் வையுங்கள். உருவத்தைப் படுக்கவைக்காமல் பைப்பைப் பிடித்து நிறுத்தியே கொண்டுபோகலாம். உதிரி ஓடுகள் பத்துப் பன்னிரண்டும் ஒரு சின்ன ஃபெவிகால் புட்டியும் பிஸ்கட் டப்பாவில் கூடவே போகட்டும், வழியில் இரண்டு ஓடாவது உதிரும். தலைப்பு அட்டையில் "கலப்பு ஊடகம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். நாளிதழ், மைதா, பழைய நூல்புடவை, தண்ணீர் லாரி ரசீதின் நகல், ஏரிமண் என்று வரிசையாக எழுதுங்கள். எந்த ஏரியின் மண் என்பதையும் பெயரோடு எழுதுங்கள்.